ஸ்லோவாக்கியாவில் 13 சதவீத வாக்குப்பதிவு: வெறுப்பா, அலட்சியமா, வேறு ஏதாவதா?

கேள்வி இது: “2014இல் ஸ்லோவாக்கியாவில் நூற்றுக்கு 13 பேர்தான் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார்கள். அப்படியானால் அந்த மக்களுக்கு ஐரோப்பிய ஒன்றியமே பிடிக்கவில்லையா? இவ்வளவு பேர் புறக்கணித்த தேர்தல் எப்படிச் செல்லும்?”

இரண்டாவது பாதிக்குப் பதில் எளிது. செல்லும். ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்குக் குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்று எந்த விதியும் கிடையாது. முதல் பாதிதான் நின்று பேச வேண்டியது. பலரும் சட்டென்று சொல்லும் பதில் “ஆமாம், பிடிக்கவில்லை” என்பது. அது தவறு என்பதற்கு ஸ்லோவாக்கியாவின் சொந்தக் கணக்குகளே சாட்சி.

முதலில் அந்த 13 சதவீதம். 2014 மே 24, சனிக்கிழமை. வாக்குரிமை பெற்றவர்கள் சுமார் 44 லட்சம் பேர். வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் 5 லட்சத்து 76 ஆயிரம் பேர். துல்லியமாகச் சொன்னால் 13.05 சதவீதம். 1979இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நேரடித் தேர்தல் தொடங்கியதிலிருந்து எந்த உறுப்பு நாட்டிலும் இவ்வளவு குறைவாகப் பதிவானதில்லை. இத்தனைக்கும் நிறுத்திய பட்டியல்களுக்குக் குறைவில்லை. 13 இடங்களுக்கு 29 கட்சிகளும் கூட்டணிகளும் போட்டியிட்டன.

இது ஒரு வருடத்து விபத்தும் இல்லை. 2004 மே 1 அன்று ஸ்லோவாக்கியா ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆறே வாரத்தில் நடந்த முதல் தேர்தலில் 16.97 சதவீதம். 2009இல் 19.64. அந்த மூன்று தேர்தல்களிலும் ஒன்றியத்திலேயே கடைசி இடம் ஸ்லோவாக்கியாவுக்குத்தான். புதுமாப்பிள்ளை விருந்து முடியும் முன்பே மாமியார் வீட்டை மறந்த கதை மாதிரி இருக்கிறதே என்று அப்போதே ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் குழம்பினார்கள்.

குழம்பக் காரணம் இருந்தது, ஏனென்றால் 2003 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 92 சதவீதத்துக்கு மேல் “சேரலாம்” என்று சொல்லியிருந்தார்கள். ஸ்லோவாக்கிய அரசியல் சாசனப்படி பொதுவாக்கெடுப்பு செல்ல வேண்டுமென்றால் வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் பங்கேற்க வேண்டும். அன்றைக்கு 52.15 சதவீதம் வந்தது, மயிரிழையில் தப்பித்தது. 1994 முதல் 2023 வரை அங்கே நடந்த பொதுவாக்கெடுப்புகளில் செல்லுபடியானது அது ஒன்று மட்டும்தான். மற்றவை எல்லாம் வருகை போதாமல் விழுந்தன. பாதிப் பேர் வர வேண்டும் என்று விதி இருந்தால், எதிர்ப்பாளர்களுக்கு “வேண்டாம்” என்று ஓட்டுப் போடுவதைவிட வீட்டில் இருப்பதே புத்திசாலித்தனம். அந்த விதி மக்களுக்கு வராமல் இருப்பதையும் ஓர் அரசியல் செயலாகப் பழக்கிவிட்டது என்பது என் எண்ணம். ஆனால் ஐரோப்பியத் தேர்தலில் வராமல் இருப்பதால் யாரையும் தோற்கடிக்க முடியாது. வந்தவர்கள் தேர்ந்தெடுப்பவர்கள் போய் உட்காருவார்கள், அவ்வளவுதான்.

சரி, பிடித்திருந்தும் ஏன் வரவில்லை?

ஸ்லோவாக்கியர்கள் எதற்கு வருகிறார்கள் என்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். 1998இல் பிரதமர் விளாதிமீர் மெச்சியாரின் ஆட்சியை இறக்க வேண்டிய தேர்தலில் 84 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அந்த ஆட்சியின் போக்கினால்தான் 1997இல் ஒன்றியம் முதல் கட்டப் பேச்சுவார்த்தைக்குத் தேர்ந்தெடுத்த நாடுகளின் பட்டியலில் ஸ்லோவாக்கியா விடுபட்டது. அக்கம்பக்கத்தில் செக், ஹங்கேரி, போலந்து மூன்றும் உள்ளே இருக்க, தாங்கள் மட்டும் வெளியே. அந்த 84 சதவீதத்துக்குள் ஐரோப்பாவும் இருந்தது. 2012 உள்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் 59 சதவீதம். 2014 மார்ச் மாதம் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில், பிரதமராக இருந்த ராபர்ட் ஃபிட்சோவை அரசியலுக்குப் புதியவரான தொழிலதிபர் ஆந்திரேய் கிஸ்கா தோற்கடித்தபோது 50 சதவீதம். அதற்கு எட்டே வாரம் கழித்து 13 சதவீதம். அதே மக்கள், அதே வாக்குச்சாவடிகள்.

ஐரோப்பாவுக்குத் துளியும் சம்பந்தமில்லாத இன்னொரு தேர்தலையும் பாருங்கள். ஸ்லோவாக்கியாவில் எட்டு மாகாணங்கள். அவற்றின் மன்றங்களுக்கும் தலைவர்களுக்கும் நடக்கும் தேர்தலில் 2005இல் முதல் சுற்று 18 சதவீதம், இரண்டாம் சுற்று வெறும் 11 சதவீதம். 2013இல் முதல் சுற்று 20. இதை வைத்து “மக்களுக்கு மாகாணங்களின் மேல் வெறுப்பு” என்று யாரும் எழுதவில்லை. பிரஸ்ஸல்ஸ் என்றால் மட்டும் வெறுப்பு என்று எழுதத் தோன்றுகிறது.

இதற்கு அரசியல் ஆய்வாளர்களிடம் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1980இல் கார்ல்ஹைன்ஸ் ரைஃப், ஹெர்மன் ஷ்மிட் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், முதல் ஐரோப்பியத் தேர்தலை ஆராய்ந்து, இது இரண்டாம் தரத் தேசியத் தேர்தல் என்றார்கள். ஆட்சி மாறாது, பிரதமர் மாறமாட்டார், அதனால் பலர் வரமாட்டார்கள். வருபவர்களும் உள்நாட்டு ஆளும் கட்சிக்கு ஒரு குட்டு வைக்கவோ சிறு கட்சிகளுக்குக் கை கொடுக்கவோ வருவார்கள். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் இந்த விளக்கம் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் கூடப் பொருந்தும் இந்த விளக்கம், ஸ்லோவாக்கியா மட்டும் ஏன் இவ்வளவு கீழே போனது என்று சொல்லாது. அதற்கு உள்ளூர்க் காரணங்கள் வேண்டும்.

பெரியதாக நான் நினைப்பது: சண்டை இல்லை. 2004க்கும் 2014க்கும் இடையில் ஐரோப்பா பற்றி ஸ்லோவாக்கியாவின் பெரிய கட்சிகளுக்குள் உண்மையான தகராறு ஒன்றும் இல்லை. இடதுசாரி என்று சொல்லிக்கொண்ட ஃபிட்சோவின் ஸ்மேர் கட்சியும் ஒன்றியத்துக்கு ஆதரவு, எதிர்த்து நின்ற வலதுசாரிகளும் ஆதரவு. 2009 ஜனவரியில் யூரோ நாணயத்துக்கு மாறியபோதும் நாடு இரண்டாகப் பிரியவில்லை. கிரீஸைக் காப்பாற்றும் நிதி விவகாரத்தில் 2011இல் ஓர் அரசே கவிழ்ந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சண்டை தலைநகர் பிராத்திஸ்லாவாவில் நடந்து அங்கேயே முடிந்தது, ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போகும் 13 பேரால் அதில் என்ன ஆகிவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் நிற்கும்போது யாரைத் தேர்ந்தெடுத்தால் என்ன? இதை அக்கறையின்மை என்று சொல்வதைவிட நிம்மதி என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கட்சிகளுக்கும் உழைக்கக் காரணமில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்லோவாக்கியாவில் உள்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாக்கு வாங்கும் கட்சிக்கு அரசு கஜானாவிலிருந்து வாக்குக்கு இவ்வளவு என்று பணம் வரும். ஐரோப்பியத் தேர்தலில் வாங்கும் வாக்குக்கு அப்படி எதுவும் கிடையாது. செலவு செய்தால் செய்ததுதான். அப்புறம் எந்தக் கட்சி கிராமம் கிராமமாகக் கூட்டம் போடும்? சுவரொட்டியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பட்டியலின் தலையில் யாரை வைக்கிறார்கள் என்பதிலும் அதே அலட்சியம். 2014இல் ஸ்மேர் கட்சிப் பட்டியலுக்குத் தலைமை தாங்கியவர் அப்போது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் துணைத் தலைவராக இருந்த மாரோஷ் ஷெஃப்சோவிச். வென்றார், ஆனால் நாடாளுமன்ற இருக்கையை எடுத்துக்கொள்ளாமல் ஆணையத்திலேயே இருந்துவிட்டார். சட்டப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை, அவர் திறமையானவரும்கூட. ஆனால் “முகத்துக்கு ஓட்டுப் போட்டேன், முகம் வேறிடத்தில் இருக்கிறது” என்று ஒரு வாக்காளர் அலுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் கணக்கும் இருக்கிறது. செக் குடியரசு, ஆஸ்திரியா, பிரிட்டன் என்று ஏராளமான ஸ்லோவாக்கியர்கள் போயிருக்கிறார்கள். சொந்த ஊரில் நிரந்தர முகவரியை ரத்து செய்யாதவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் தொடரும். உள்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் அவர்கள் தபாலில் வாக்களிக்கலாம். ஐரோப்பியத் தேர்தலில் தபால் வாக்கு கிடையாது. ஊருக்கு வர வேண்டும், இல்லையென்றால் இருக்கும் ஒன்றிய நாட்டில் பதிவு செய்து அந்த நாட்டுப் பட்டியலுக்கு வாக்களிக்க வேண்டும். ஆக, வர முடியாதவர்கள் வகுக்கும் எண்ணில் இருக்கிறார்கள், வகுபடும் எண்ணில் இல்லை. சதவீதம் உண்மை நிலையைவிடக் கொஞ்சம் மோசமாகத் தெரிய இது ஒரு காரணம். கொஞ்சம்தான். இதை மட்டும் வைத்து 13ஐ 40 ஆக்கிவிட முடியாது.

குறைந்த வருகை யாருக்கு லாபம் என்ற கேள்விதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்மேர் கட்சி 2012 உள்நாட்டுத் தேர்தலில் 11 லட்சத்து 34 ஆயிரம் வாக்குகள் வாங்கித் தனிப் பெரும்பான்மையோடு ஆட்சி அமைத்தது. 2014 மே மாதம் அதே கட்சிக்குக் கிடைத்தது 1 லட்சத்து 35 ஆயிரம். அப்படியும் அதுதான் முதல் இடம், 24 சதவீதம், நான்கு இடங்கள். மொத்த வாக்காளர்களில் கணக்கிட்டால் நூற்றுக்கு மூன்று பேர்.

எதிர்ப்பக்கம், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 2012இல் 2 லட்சத்து 25 ஆயிரம் வாக்கு, அது 8.8 சதவீதம். 2014இல் சுமார் 74 ஆயிரம். ஆனால் அது 13.2 சதவீதம்! வாக்கு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க, பங்கு ஒன்றரை மடங்கு ஆனது. ஹங்கேரியச் சிறுபான்மையினரின் கட்சி ஒன்று 2012இல் 5 சதவீத வரம்பைத் தாண்டாமல் உள்நாட்டு நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றது. 2014இல் 6.5 சதவீதத்தோடு, ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் ஸ்ட்ராஸ்பூர்க் போனது. அதிலிருந்து பிரிந்து ஹங்கேரியர்களிடம் வாக்குக் கேட்ட இன்னொரு கட்சியும் சுமார் 33 ஆயிரம் வாக்கில் ஓர் இடம் பிடித்தது. ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் கத்தோலிக்கர், தன் மொழிக்கு ஆபத்து என்று எப்போதும் எச்சரிக்கையாக இருக்கும் சிறுபான்மையினர் இரண்டு பேருக்கும் வாக்களிப்பது பழக்கம். மற்றவர்களுக்கு அது மனநிலை. மழை, வெயில், களைப்பு எதுவும் பழக்கத்தைத் தொடாது.

இந்த இடத்தில் வழக்கமாக ஓர் எச்சரிக்கை வரும்: வாக்குப்பதிவு குறைந்தால் தீவிரப் போக்குள்ள கட்சிகள் நுழைந்துவிடும் என்று. 2013 நவம்பரில் பான்ஸ்கா பிஸ்த்ரிட்சா மாகாணத் தலைவர் தேர்தலில் தீவிர வலதுசாரியான மரியான் கோட்லெபா ஜெயித்தபோது வாக்களித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். எனவே பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐரோப்பியத் தேர்தல் கணக்கைப் பாருங்கள். 13 சதவீதம் பேர் வந்த 2014இல் கோட்லெபாவின் கட்சிக்கு 2 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. 22.74 சதவீதம் பேர் வந்த 2019இல் அதே கட்சிக்கு 12 சதவீத வாக்கும் இரண்டு இடங்களும். 2024இல் வருகை 34.38 ஆனது; அந்தக் கட்சியிலிருந்து பிரிந்து போனவர்கள் தொடங்கிய ரெபுப்ளிகா கட்சி 12.5 சதவீதம் வாங்கி இரண்டு இடங்கள் எடுத்தது. கூட்டம் கூடியபோதுதான் அவர்களுக்கும் கூட்டம் கூடியது.

ஏன் கூடியது என்பதில்தான் என் வாதத்தின் மறுபாதி. 2015இல் அகதிகளை நாடுகளுக்கிடையே பங்கிடும் திட்டம் வந்தது. ஸ்லோவாக்கியா மறுத்தது, ஹங்கேரியோடு சேர்ந்து ஐரோப்பிய நீதிமன்றம் போனது, 2017இல் தோற்றது. பிரஸ்ஸல்ஸ் எடுக்கும் முடிவு நம் ஊர்த் தெருவைத் தொடும் என்று முதல்முறையாக எல்லோருக்கும் உறைத்தது. 2018 பிப்ரவரியில் ஊழலைத் துருவிய இளம் பத்திரிகையாளர் யான் குட்சியாக்கும் அவர் மணமுடிக்கவிருந்த மார்ட்டினா குஷ்னீரோவாவும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். வீதிகள் நிரம்பின, ஃபிட்சோ பதவி விலகினார், 2019 மார்ச்சில் ஸுசானா சாபுடோவா அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த அலையில், உள்நாட்டு நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட அதுவரை ஜெயிக்காத முற்போக்கு ஸ்லோவாக்கியா கட்சி, தன் கூட்டாளியோடு ஐரோப்பியத் தேர்தலில் முதலிடம் பிடித்தது.

2024 இன்னும் கூர்மையானது. உக்ரைன் போர் பக்கத்து வீட்டில். மீண்டும் பிரதமரான ஃபிட்சோ அரசின் ராணுவ உதவியை நிறுத்துகிறார். எதிர்க்கட்சி நாட்டை ரஷ்யா பக்கம் தள்ளுகிறார் என்கிறது. மே 15 அன்று ஹாண்ட்லொவா நகரில் அவர் சுடப்பட்டு உயிர் பிழைக்கிறார். மூன்று வாரம் கழித்து, ஜூன் 8 அன்று தேர்தல். முற்போக்கு ஸ்லோவாக்கியாவுக்கு 27.8 சதவீதமும் ஆறு இடங்களும், ஸ்மேருக்கு 24.8 சதவீதமும் ஐந்து இடங்களும். வருகை 34.38, அந்த நாட்டின் ஐரோப்பியத் தேர்தல்களில் இதுவரை இல்லாத உச்சம். கடைசி இடம் அந்த முறை குரோஷியாவுக்குப் போனது, 21 சதவீதத்தோடு.

13 சோகம், 34 சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். 13 என்பது யாரும் யாரையும் பெரிதாக வெறுக்காத ஒரு வசந்தகாலத்தின் எண். 34 என்பது ஒரு பிரதமர் சுடப்பட்ட வசந்தகாலத்தின் எண். எது ஆரோக்கியம் என்று வருகையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அப்படியானால் குறைந்த வருகையில் பிழையே இல்லையா என்றால், இருக்கிறது. 13 சதவீதம் பேர் அனுப்பிய அந்த 13 பேர் சும்மா உட்காரவில்லை. 751 பேர் கொண்ட அந்த நாடாளுமன்றம்தான் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016இல் நிறைவேற்றியது. இன்று நீங்கள் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் “குக்கீக்கு அனுமதியா” என்று குறுக்கே வந்து நிற்கும் பெட்டிக்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். ஒன்றியத்துக்குள் ரோமிங் கட்டணம் 2017 ஜூனில் ஒழிந்ததும் அதே நாடாளுமன்றக் காலத்தில்தான். வியன்னாவுக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு பிராத்திஸ்லாவாக்காரருக்கு இதைவிடப் பயனுள்ள சட்டத்தைச் சொல்வது கடினம். அதை யார் செய்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நன்மையும் பெயரில்லாமல் வருகிறது, பொறுப்பும் பெயரில்லாமல் போகிறது. இழப்பு அங்கேதான்.

பிரஸ்ஸல்ஸ் செய்த வைத்தியங்கள் பெரிதாக உதவவில்லை. 2014இல் ஆணையத் தலைவர் பதவிக்குக் கட்சிகள் முன்கூட்டியே வேட்பாளரை அறிவித்தன. ழான்-க்ளோட் யுங்கரும் மார்ட்டின் ஷுல்ட்ஸும் தொலைக்காட்சியில் விவாதித்தார்கள். “இந்த முறை வேறு மாதிரி” என்று விளம்பரம். தேர்தல் இரவில் ஒன்றியம் முழுவதற்கும் 43.1 சதவீதம் என்று மதிப்பீடு வந்தது. 2009ஐவிட ஒரு துளி அதிகம், சரிவு நின்றது என்று மகிழ்ந்தார்கள். முழுக்கணக்கு முடிந்தபோது அது 42.6, அதாவது 2009ஐவிடவும் குறைவு. யுங்கர் யார் என்று ஸ்லோவாக்கியக் கிராமத்தில் தெரியாது என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

உண்மையில் வேலை செய்வது நாட்காட்டி. லிதுவேனியாவைப் பாருங்கள். 2004, 2014, 2019 மூன்றிலும் ஐரோப்பியத் தேர்தலும் அதிபர் தேர்தலின் ஒரு சுற்றும் ஒரே நாளில் வந்தன: 48, 47, 53 சதவீதம். 2009இல் மூன்று வார இடைவெளியில் தனியாக வந்தது: 21 சதவீதம். 2024இல் இரண்டு வார இடைவெளி: சுமார் 29. லிதுவேனியர்களின் ஐரோப்பியப் பற்று ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஏறி இறங்கியிருக்காது. கட்டாய வாக்களிப்பு உள்ள பெல்ஜியத்தில் 2014இல் கிட்டத்தட்ட 90 சதவீதம் என்பதும் பற்றின் அளவு இல்லை.

சேர்த்து வைத்தாலே கூட்டம் வரும் என்றும் இல்லை. பல்கேரியா 2024இல் உள்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலையும் ஐரோப்பியத் தேர்தலையும் ஒரே நாளில் நடத்தியது. மூன்றே வருடத்தில் ஆறாவது முறையாக உள்நாட்டுத் தேர்தலைச் சந்தித்த மக்கள் இரண்டையும் கைவிட்டார்கள், 34 சதவீதம்தான். கூட ஓடும் குதிரைக்கு மூச்சு இருக்க வேண்டும்.

ஸ்லோவாக்கியா இதைத் தன் மண்ணிலேயே சோதித்தும் விட்டது. 30 சதவீதத்துக்குக் கீழேயே தவழ்ந்துகொண்டிருந்த மாகாணத் தேர்தலை 2022 அக்டோபரில் நகர, கிராம மன்றத் தேர்தலோடு ஒரே நாளில் வைத்தார்கள். 43 சதவீதத்தைத் தாண்டியது. ஐரோப்பியத் தேர்தலுக்கு அந்த வசதி இல்லாமல் போனது வெறும் தேதிப் பொருத்தம். அங்கே அதிபரின் பதவிக்காலமும் ஐந்து வருடம், ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் காலமும் ஐந்து வருடம். 2004, 2009, 2014, 2019, 2024 என்று ஐந்து முறையும் மார்ச், ஏப்ரலில் அதிபர் தேர்தல் இரண்டு சுற்று முடிந்து, இரண்டு மாதம் கழித்து மூன்றாவது தடவையாக வாக்காளரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதே கணக்கில் போனால் 2029 வசந்தத்திலும் அப்படித்தான் வரும்.